பெகிமாயின் மவுஸுக்குக் கண்பட்ட விவரம்

நரின்,
ஜூலை 9, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா புருல்சா அவர்களுக்கு, தம்பி சகின்பாய் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமா, அத்தான் சுகமா, குதிரைகள் சுகமா, ஆடுகள் எண்ணிக்கை குறையாமல் இருக்கின்றனவா, நொண்டிக்கொண்டிருந்த அந்தச் செவலைக் குட்டி இப்போது ஓடுகிறதா, குதிரைப்பால் குமிஸ் நன்றாகப் புளிக்கிறதா என்று அறிய ஆவல். நான் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது. மேய்ச்சல் மலையில் உங்களுக்குப் போன் எடுக்காது என்பதால் இதைக் குபாத்திடம் கொடுக்கிறேன். குமிஸ் ஏற்றிவர நாளைக் காலை அவன் வண்டி மேலே வருகிறது. கையில் வாங்கியதும் படித்துவிடுங்கள் அக்கா, குதிரை கறந்துவிட்டு வந்து படிக்கலாம் என்று கூடாரத்தில் செருகி வைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கே நாள்.

விஷயம் என் மகள் பெகிமாயின் மவுஸ். மே மாதம் மலைக்குப் போகிற வழியில் நம் வீட்டில் இரண்டு நாள் தங்கினீர்களே, அப்போது மேசைமேல் அதைப் பார்த்து, "இது என்னடி, சோப்பா? ஏன் சிவப்பா எரியுது?" என்று கேட்டீர்களே, அதேதான். அவளுடைய பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அவள் அம்மா அனாரா மாஸ்கோவிலிருந்து சால்வையில் சுற்றி அனுப்பியது. அதைக் கையில் பிடித்துத்தான் அவள் அந்தத் துப்பாக்கி விளையாட்டை விளையாடுகிறாள். அதன் வயிற்றில் ஒரு சின்னக் கண் இருக்கிறது, அந்தக் கண் மேசையைப் பார்த்துக்கொண்டே போகும், கை எங்கே போகிறதோ திரையில் துப்பாக்கி அங்கே திரும்பும், அவ்வளவுதான் சூட்சுமம். இப்போது அது திரும்பவில்லை அக்கா. கை வலப்பக்கம் போனால் துப்பாக்கி வானத்தைப் பார்க்கிறது. சில நேரம் நடுவழியில் அப்படியே நின்றுவிடுகிறது, சில நேரம் யாரும் தொடாமலே நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கிளப்பில் கடைசிச் சுற்று. நம் நரின் பெண்கள் ஐந்து பேர், ஓஷ் நகரத்துப் பெண்கள் ஐந்து பேர். ஜெயிக்கிறவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். தோற்றால் என்ன என்று கேட்பீர்கள். தோற்றால் பதினாறாம் தேதி மாஸ்கோ விமானம். "ஜெயிச்சா விளையாட்டு, தோத்தா அம்மாகிட்டப் போறேன், கிடங்கு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம்" என்று தேநீர்ச் சமோவாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ரொட்டி வாங்கி வரப்போகிறேன் என்பதுபோலச் சொன்னாள். அனாரா ஒரே ஒரு குளிர்காலத்துக்கு என்று சொல்லித்தான் போனாள். இது நான்காவது குளிர்காலம் வரப்போகிறது. அந்த ஊர் வாங்கியதைத் திருப்பித் தருகிற ஊர் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

நான் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோடையில் ஊருக்குச் சூடேற்றுகிற கொதிகலன் அணைந்திருக்கிறது, எனக்கு வேலையில்லை, ஆகவே மூன்று வாரமாக முழுநேரமும் இதே வேலைதான். முதலில் அந்த மவுஸின் அடியில் போடுகிற கறுப்புத் துணி விரிப்பில் கோளாறு என்று பெகிமாய் இணையத்தில் படித்துவிட்டுச் சொன்னாள். அழுக்காக இருந்தால் கண்ணுக்குத் தெரியாதாம். அழுக்குதானே என்று நான் அதைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, சோடா போட்டு, கட்டையால் அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு தட்டு மாதிரி ஆகிவிட்டது. அதில் மவுஸை வைத்தால் நடுவில் வழுக்கி வந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக நீங்கள் என் கல்யாணத்துக்குச் செய்துகொடுத்த கம்பளி விரிப்பின் ஓரத்தில் ஒரு துண்டு (கோபிக்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் போகிற பக்கம்தான்) வெட்டி மேசைமேல் போட்டேன். கம்பளியைவிட உயர்ந்த விரிப்பு உலகத்தில் உண்டா? ஆனால் நீங்கள் சிவப்பிலும் கறுப்பிலும் ஆட்டுக்கொம்புப் பூவேலை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணுக்குத் தலை சுற்றுகிறது. "அப்பா, கொம்புக்குள்ள போய் மாட்டிக்கிட்டு வெளிய வர மாட்டேங்குதுப்பா!" என்று கத்தினாள். அதை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் போட்டோம், அட்டை போட்டோம், என் பழைய கணக்குப் புத்தகத்தின் அட்டையும் போட்டோம். எதிலும் ஒரே கூத்துதான்.

அடுத்து, ஒயரைச் செருகுகிற துளையை மாற்றிப் பார்க்கச் சொன்னது இணையம். பெகிமாய் பால் வாங்கப் போன நேரம் நானே மாற்றிவிடலாம் என்று பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். அங்கே ஒயர் காடாகக் கிடக்கிறது, எது எதனுடையது என்று யாருக்குத் தெரியும். எல்லாவற்றையும் பிடுங்கி ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. குளிர்ப்பெட்டி வரவில்லை என்பது மறுநாள் மாலைதான் தெரிந்தது. நீங்கள் அனுப்பிய குதிரைத் தொத்திறைச்சியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்த வேகப் பொத்தான். மவுஸின் முதுகில் சக்கரத்துக்குப் பின்னால் குன்றிமணி அளவில் ஒன்று இருக்கிறது. நான் அன்பாகத் துடைக்கும்போது விரல் பட்டிருக்கிறது போலிருக்கிறது, அது நான்கு மடங்கு வேகத்துக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் பயிற்சி ஆட்டம். பெகிமாய் லேசாகக் கையை அசைத்திருக்கிறாள், துப்பாக்கி மூன்று சுற்றுச் சுற்றிப் பக்கத்தில் நின்ற சொந்தக் கூட்டாளியையே சுட்டுவிட்டது. அந்தக் கூட்டாளிதான் அணித் தலைவி ஜில்தீஸ். காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அந்தப் பெண் போட்ட சத்தம் சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது: "ஏய் பெகிமாய், ஓஷ்காரிங்களுக்கு நீ வேற ஆள் சேர்க்கிறியா? அவங்க அஞ்சு பேரு போதாதா?" பெகிமாய் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளப்பு மவுஸை வாங்கி விளையாடேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது வேற யாரோ கை மாதிரி இருக்குப்பா" என்றாள். அவளுடைய விரல் எல்லாம் அம்மா அனுப்பியதற்கே பழகிவிட்டது, நான் என்ன செய்ய.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. இது கண்ணேறு அக்கா. யாருடைய கண் என்றும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜூரா. மாவு சலிக்கிற சல்லடை கேட்டு வந்தவள் நேராக உள்ளே வந்து நின்றுகொண்டு, "அடேயப்பா, என்னமா மினுங்குது! உங்க பொண்ணு விரல் ஓடுறதைப் பார்த்தா பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கு சகின்பாய்!" என்றாள். சொன்னவள் ஒரு தரமாவது தூ தூ என்று துப்பினாளா? துப்பவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு சல்லடையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பொறாமை பிடித்த பொம்பளை. அவள் மகன் ஒருத்தன் இதே விளையாட்டை விளையாடி முதல் சுற்றிலேயே வெளியே வந்தவன். இது என் மனப்பிராந்தி இல்லை, சோதித்தே பார்த்துவிட்டேன். வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று இணையம் சொன்னதால், பெகிமாய் அதை அந்த ஜூரா வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அங்கேயும் அதே நடுக்கம்! கம்ப்யூட்டர் மாறியும் கோளாறு கூடவே போகிறது என்றால் அது கண்ணேறு இல்லாமல் வேறென்ன?

நீங்கள் மே மாதம் கொடுத்துவிட்டுப் போன, புகை போடுகிற ஆர்ச்சாக் கிளைக் கட்டு மட்டும் கையில் இல்லாதிருந்தால் நிலைமை எங்கே போயிருக்குமோ. "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தி புகை போடு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, சொன்னா பலிக்காது" என்று நீங்கள் சொன்னதை ஒரு நாள் தவறவிட்டதில்லை. பெகிமாய் பத்து மணி வரை தூங்குகிறாள். நான் ஆறரைக்கு எழுந்து, வாணலியில் கங்கு எடுத்து, ஆர்ச்சாவைக் கிள்ளிப் போட்டு, "அலாஸ், அலாஸ்" என்று மேசையை மூன்று சுற்றுச் சுற்றுவேன். வீடு முழுக்க எப்போதும் இந்த வாசனைதானே, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகு யோசித்தேன். கண்ணேறு என்றால் கண்ணில்தானே பட்டிருக்கும்? மேலே மேலே புகை காட்டினால் என்ன பயன்? ஆகவே மவுஸை மல்லாக்கப் புரட்டி, அடியில் இருக்கிற அந்தக் கண் புகைக்கு நேராக வருகிற மாதிரி வாணலிமேல் பிடித்து, நன்றாக உள்ளே போகட்டும் என்று வாயாலும் ஊதிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் கொதிகலன் வீட்டில் நெருப்போடு குடித்தனம் நடத்தியவன் நான், புகையை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலன் இல்லாமலும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் பெகிமாய் அதன் அடியைத் துணி நுனியால் நோண்டி நோண்டித் துடைத்தாள். அன்று முழுக்க மவுஸ் தங்கமாக ஓடியது. என் புகை வேலை செய்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறுநாள் காலை இரண்டு மடங்கு போட்டேன். பதினொரு மணிக்கெல்லாம் பழையபடி நடுக்கம். அந்த ஜூரா முந்தின நாள் சாயங்காலம் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்துபோனாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கவனித்தேன். அன்றிலிருந்து காலையில் ஒன்று, மத்தியானம் பெகிமாய் கடைக்குப் போகிற நேரம் ஒன்று. எவ்வளவு போடுகிறேனோ அவ்வளவுக்கு அந்தக் கண்ணேறும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அப்பேர்ப்பட்ட கண் அக்கா அந்தப் பொம்பளைக்கு.

ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கட்டு தீர்ந்துபோய்விட்டது. குபாத்திடம் ஒரு சாக்கு நிறைய ஆர்ச்சா கொடுத்தனுப்புங்கள், வெயில் படாத சரிவில் பிசின் கசிகிற கிளையாகப் பார்த்து. பக்கத்துக் கூடாரத்து முல்லா பெரியவரிடம் ஒரு துவாவும் ஓதி வாங்குங்கள், மவுஸ் என்று சொன்னால் ஓத மாட்டார், குட்டி என்று சொல்லுங்கள். முக்கியமாகப் பெகிமாய்க்கு நாலு வரி எழுதுங்கள், தோற்றாலும் மாஸ்கோ போகாதே என்று. என் பேச்சு அவளுக்கு ஏறாது. "உனக்கென்னப்பா, அக்டோபர்ல கொதிகலன் எரிய ஆரம்பிச்சா நீ அதோட பேசிக்கிட்டு இருப்பே" என்கிறாள். அத்தை சொன்னால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். மந்தை பெருகட்டும், கூடாரத்துப் புகை அணையாதிருக்கட்டும், வெயிலும் மழையும் அளவோடு வரட்டும்.

என்றும் உங்கள் ஆசிக்குக் காத்திருக்கும்,
தம்பி சகின்பாய்

பி.கு. ஜூலை 14, திங்கட்கிழமை. அக்கா, மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். வியாழக்கிழமை குபாத் வண்டி கியர்ப்பெட்டி உடைந்து பஜார் முக்கிலேயே படுத்துவிட்டது, கடிதமும் அதிலேயே கிடந்திருக்கிறது. இன்று வாங்கிப் பிரித்து, வண்டி சரியாகிக் கிளம்புவதற்குள் இதைச் சேர்க்கிறேன். மை பேனாவால் எழுதியதால் அழிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பெகிமாய் மவுஸைத் தூக்கிக்கொண்டு பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கிற யூசுப்பிடம் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கண்ணேறை அவன் ஸ்குரூ டிரைவரால் எடுத்துவிடுவானா என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் போனேன். யூசுப் நான்கு திருகைக் கழற்றினான், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி உள்ளே பார்த்தான். அப்புறம் குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்து அந்தச் சின்னக் கண்ணாடியைத் துடைத்தான். பஞ்சு காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவது பஞ்சை மூக்கருகில் கொண்டுபோனவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா சீக்கா, பாய்?"

"இல்லையே. ஏன்?"

"இதுக்குள்ள ஒரு ஆர்ச்சாக் காடே எரிஞ்சிருக்கே! பிசின் அப்பிக்கிட்டு நிக்குது. கண்ணு தெரியலைன்னா பாவம் அது எங்க போகும்?"

முப்பத்தோரு வருஷம் அக்கா. கொதிகலனில் தீ பார்க்கிற கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் மசி படிந்தால் உள்ளே தீ எரிகிறதா அணைந்ததா என்றே தெரியாது. வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக அதைத் துடைப்பவன் நான், துடைக்காத பையன்களின் காதைத் திருகியவன் நான். அந்தப் பஞ்சைப் பார்த்தபடி அப்படியே நின்றேன்.

பெகிமாய் யூசுப்புக்குக் கூலி கொடுத்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பாலத்தில் நின்று, "எத்தனை நாளா?" என்றாள்.

"மே மாசத்திலிருந்து."

"தினமுமா?"

"முதல்ல ஒரு தரம். அப்புறம் ரெண்டு தரம். புரட்டிப் பிடிச்சு."

"புரட்டிப் பிடிச்சா!"

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று கடைசியில் எனக்கே சந்தேகமாகிவிட்டது. "நான் மாஸ்கோ போயிடுவேன்னு இவ்வளவு பயமாப்பா உனக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை வாணலியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பெகிமாய் மவுஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டி, முற்றத்தைத் தாண்டி வேலிக்கு வெளியே கொண்டுபோய், கிளப்புக்குக் கூட வரக் காத்திருந்த ஜூராவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னப்பா, புகை போடலையா?"

"வேணாம்னுதானே..."

"மவுஸுக்குத்தான் வேணாம். எனக்குப் போடு."

கட்டு தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, வாணலியில் ஒட்டிக்கிடந்த பொடியைச் சுரண்டி எடுத்தேன். மூன்று சுற்று. ஒரு பொறி தெறித்ததில் அவள் சட்டை முதுகில் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டது, அவளிடம் சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டார்கள் அக்கா! கடைசியில் தலைவி ஜில்தீஸும் பெகிமாயும் மட்டும்தான் மிச்சம், எதிரில் மூன்று பேர், எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஜூராதான் பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப நம்ம பொண்ணு கதவுக்குப் பின்னால, இப்ப ஜன்னல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிக் குண்டு போனதும் தூ தூ தூ என்று மூன்று முறை துப்பினாள், நான் துப்புவதற்கு முன்னாலேயே. அவளைப் பற்றி மேலே எழுதியதை வேறு எந்த ஜூராவையோ பற்றி என்று நினைத்துப் படித்துக்கொள்ளுங்கள். சல்லடையை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

மாஸ்கோ விமானத்தை ரத்து செய்துவிட்டாள். ஆனால் அடுத்த கட்டம் அல்மாட்டியில், அதற்கு முன்னால் அங்கேயே பயிற்சி. இருபதாம் தேதி கிளம்பி அக்டோபர் கடைசியில்தான் வருவாளாம். தோற்றால் போய்விடுவாள் என்று மூன்று வாரம் பயந்தேனே, ஜெயித்தாலும் போவாள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தேனா. நேற்று அனாராவுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னோம், பெகிமாய் நான் புரட்டிப் பிடித்ததை நடித்துக்கூடக் காட்டினாள். அனாரா ரொம்ப நேரம் சிரித்தாள். பெகிமாய் துணி மடிக்கப் போனதும், "நான் கிளம்புன அன்னிக்கு நீங்க எனக்குப் புகை போடலையே" என்றாள். அன்று காலை ஷிப்டு எனக்கு. பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. செப்டம்பரில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறாளாம், கிடைத்தால் வருவாளாம்.

ஆகவே சாக்கு வேண்டாம், துவா வேண்டாம், பெகிமாய்க்குக் கடிதமும் வேண்டாம். குபாத்திடம் இரண்டே இரண்டு சின்னக் கட்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்று இருபதாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், பெகிமாய் கிளம்பும்போது போட. மற்றது அனாராவுக்கு. திரும்பி வருகிறவர்களுக்குப் புகை போடுகிற வழக்கம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். நான் போடுவேன்.